அன்றாட மன அழுத்தத்தைக் கையாள ஒரு வழிகாட்டி: முதலில் உடம்பு, அடுத்தது கொப்பி, அப்புறம் ஒரு ஆள்

மனம் பாரமாக இருக்கிறது என்று யாரிடமாவது சொன்னால் எங்கள் திருகோணமலையில் முதலில் கிடைக்கும் பதில் "யோசிக்காதே" என்பதுதான். வாகனத்துக்கு எடுத்த லீசிங் கடனின் தவணைக் காசு கட்ட வழியில்லை என்றாலும் அதே பதில். மகனுக்கு உயர்தரப் பரீட்சை நெருங்குகிறது என்றாலும், அம்மாவின் ஸ்கேன் முடிவு இன்னும் வரவில்லை என்றாலும் அதே பதில். சொல்பவர் அன்போடுதான் சொல்கிறார். ஆனால் யோசிக்காமல் இருப்பது எப்படி என்று அவரும் சொல்வதில்லை, கேட்பவருக்கும் தெரிவதில்லை. இரவு பதினொரு மணிக்குப் படுக்கையில் புரளும்போது அந்த யோசனை மறுபடி வந்து நிற்கும்.

நான் பாடசாலையில் வழிகாட்டல், ஆலோசனைப் பொறுப்பில் இருக்கிறேன். பிள்ளையின் படிப்பைப் பற்றிக் கதைக்க வரும் தாய் தகப்பன் கொஞ்ச நேரத்தில் தங்கள் கஷ்டத்தைச் சொல்லத் தொடங்குவார்கள். அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதையே இங்கே எழுதுகிறேன். மூச்சு, நடை, எழுத்து, பேச்சு, நித்திரை என்று எல்லாருக்கும் தெரிந்தவைதான் இவை. நான் வலியுறுத்துவது அவற்றின் ஒழுங்கை. முதலில் உடம்பை அமைதிப்படுத்த வேண்டும். பிறகு பிரச்சினையைக் கொப்பியில் எழுதிப் பிரிக்க வேண்டும். அதற்குப் பிறகு ஒருவரிடம் போய்க் கதைக்க வேண்டும். பெரும்பாலும் நாங்கள் தலைகீழாகச் செய்கிறோம். நெஞ்சு படபடக்கும்போதே வீட்டுக்காரரிடம் கதைக்கப் போய் அது சண்டையில் முடிகிறது. சண்டை முடிந்த கையோடு படுக்கையில் கிடந்து கணக்குப் பார்க்கிறோம். உடம்பைப் பற்றி யாருக்கும் நினைவே வருவதில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மூச்சுப் பயிற்சியால் கடன் தீராது. 2022இல் சாமான் விலை ஏறியபோது சம்பளம் கூடவே ஏறாத வீடுகள் எத்தனையோ. அங்கே இருக்கும் அழுத்தத்தை அந்த வீட்டாரின் மனப் பலவீனம் என்று யாரும் சொல்லக் கூடாது. இந்த வழிகள் பிரச்சினையை இல்லாமல் ஆக்கமாட்டா. அதைப் பார்க்கத் தேவையான நிதானத்தைத் தரும்.

உடம்புக்குள் நடப்பது

ஆபத்து என்று மூளை நினைத்த உடனே, சிறுநீரகங்களுக்கு மேல் தொப்பி போல இருக்கும் அட்ரினல் சுரப்பிகளிலிருந்து அட்ரினலின் இரத்தத்தில் கலக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது. கை கால் தசைகளுக்கு இரத்தம் கூடுதலாகப் போகிறது. சமிபாடு மெதுவாகிறது. அதனால்தான் பயந்தால் வாய் காய்கிறது, வயிறு கலக்குகிறது. சற்று நேரம் கழித்துக் கோர்டிசோல் என்ற இன்னொரு சுரப்பும் கூடுகிறது. அது உடம்பை அந்த உஷார் நிலையிலேயே வைத்திருக்கும். நாய் துரத்தினால் ஓடித் தப்புவதற்காக உடம்பு வைத்திருக்கும் ஏற்பாடு இது. நாய் போய்விட்டால் கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும்.

லீசிங் கடிதம் நாய் போலப் போய்விடாது. மாதக் கணக்கில் மேசை மேல் கிடக்கும். ஒவ்வொரு முறை அது கண்ணில் படும்போதும் உடம்பு ஓடத் தயாராகிறது, ஆனால் ஓடுவதற்கு இடமில்லை. அது நாளடைவில் தலையிடி, கழுத்து நோவு, நெஞ்செரிவு, நித்திரைக் குறைவு, பிள்ளைகள் மேல் எரிந்து விழுவது என்று வெளியே வருகிறது. இரவில் பல் கடிப்பவர்கள், ஒரே வட்ஸப் செய்தியை மூன்று தரம் வாசித்தும் மனதில் ஏறாதவர்கள், அடுப்பில் பால் வைத்ததை மறந்து போகிறவர்கள் எல்லாருக்கும் உள்ளே நடப்பது ஏறக்குறைய இதுதான்.

கொஞ்சம் அழுத்தம் நல்லது. பரீட்சைக்கு முதல் நாள் பிள்ளையைப் படிக்க வைப்பதும் அதுதான். அது அடங்காமல் நாள் முழுக்க நின்றால்தான் தொல்லை.

முதல் படி: மூச்சு

இதயம், சமிபாடு எல்லாம் நாம் சொல்லிக் கேட்பவை அல்ல. "மெதுவாக அடி" என்றால் இதயம் கேட்காது. ஆனால் மூச்சு தானாகவும் நடக்கும், நாம் மாற்றினால் மாறவும் செய்யும். மூச்சை வெளியே விடும்போது மூளையிலிருந்து இதயம், வயிறு வரை இறங்கும் வேகசு நரம்பின் வேலை கூடி இதயத் துடிப்பு சற்றுக் குறைகிறது. சந்தேகம் என்றால் மணிக்கட்டில் விரல் வைத்து நாடி பிடித்தபடி நீளமாக மூச்சு விட்டுப் பாருங்கள். பலருக்கு அது விரலுக்கே தெரியும்.

செய்யும் முறை இது. கதிரையில் அமருங்கள், அல்லது சுவரில் சாய்ந்து தரையில் அமருங்கள். காதுப் பக்கமாக ஏறி நிற்கும் தோள்களைக் கீழே விடுங்கள். ஒரு கையை வயிற்றில் வையுங்கள். மூக்கால் மெதுவாக, 4 எண்ணும் வரை மூச்சை எடுங்கள். வயிற்றில் இருக்கும் கை சற்று வெளியே வர வேண்டும். பிறகு 6 எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். ஓர் எண்ணுக்கு ஒரு செக்கன் என்றால் ஒரு மூச்சுக்கு 10 செக்கன், நிமிடத்துக்கு 6 மூச்சு. ஐந்து நிமிடம் செய்தால் போதும்.

தலை சுற்றினால் மூச்சைப் பெரிதாக இழுக்கிறீர்கள் என்று அர்த்தம். மூச்சு ஆழமாக இருக்கத் தேவையில்லை, மெதுவாக இருந்தால் சரி. 4க்கும் 6க்கும் மூச்சு போதாவிட்டால் 3 எடுத்து 4 விடுங்கள். விடுவது எடுப்பதைவிட நீளம் என்பது மட்டும் மாறக் கூடாது. இன்னொன்று: பெரிய பதற்றம் வந்த நாளில் மட்டும் இதை முயன்றால் வேலை செய்யாது. சாதாரண நாளில், காலையில் ஒரு தரம், பின்னேரம் ஒரு தரம் பழகியவருக்குத்தான் பதற்றம் வரும் நேரத்தில் கை கொடுக்கும்.

இத்தாலிய ஆய்வாளர்கள் 2001இல் வெளியிட்ட ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தமானது. ஜெபமாலை சொல்லும்போதும் யோக மந்திரம் சொல்லும்போதும் ஆட்களை அளந்து பார்த்தபோது, இரண்டிலும் மூச்சு தானாகவே நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 என்ற அளவுக்கு வந்திருந்தது. கோணேசர் கோயிலில் தேவாரத்தை இழுத்துப் பாடும் அம்மாக்களைக் கவனித்திருக்கிறீர்களா? ஒரு வரி முடியும் வரை மூச்சை விட்டுக்கொண்டே போவார்கள். கிண்ணியாவில் தொழுகை முடித்து இறைவனை நினைந்து திக்ர் சொல்பவர்களும், தேவாலயத்தில் ஜெபமாலை உருட்டுபவர்களும் ஏற்கனவே நிதானமான மூச்சுக்குப் பழகியவர்கள்தான் என்பது என் எண்ணம். அவர்களுக்கு எண்ணிக்கை தேவையில்லை. தங்கள் வழிபாட்டை அவசரமில்லாமல் செய்தால் போதும்.

வீட்டில் தனி அறை இல்லையே என்று பலர் கேட்பார்கள். தனி அறை வேண்டாம். கிண்ணியாவிலிருந்து டவுனுக்கு வேலைக்கு வருபவர் பஸ் பாலத்தில் ஏறும்போது தொடங்கலாம். கண்ணை மூடத் தேவையில்லை, பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. வகுப்புக்குள் போகும் முன் வராந்தாவிலோ, கிணற்றடியில் வாளி நிரம்பும் நேரத்திலோ செய்யலாம்.

தசையைத் தளர்த்துவது

சிலருக்கு மூச்சை எண்ணத் தொடங்கினாலே பதற்றம் கூடும். அவர்களுக்கு இது பொருத்தம். எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் உருவாக்கிய முறை இது. ஒரு தசையை வேண்டுமென்றே இறுக்கி, பிறகு விடுவது; அவ்வளவுதான். கால் விரல்களை மடக்கி 5 எண்ணும் வரை இறுக்குங்கள், விடுங்கள், 10 எண்ணும் வரை சும்மா இருங்கள். அப்படியே கெண்டைக்கால், தொடை, வயிறு, கை முட்டி, தோள், தாடை, நெற்றி என்று மேலே வாருங்கள். நோவு உள்ள இடத்தை விட்டுவிடுங்கள். படுக்கையில் செய்தால் நெற்றி வருவதற்குள் தூங்கிப் போகிறவர்களும் உண்டு.

எங்கள் பெண்களிடம் நான் அதிகம் பார்ப்பது தாடையும் தோளும். குசினியில் நின்றபடி தேங்காய் துருவும்போது பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார்கள், அவர்களுக்கே தெரியாது. மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சும்மா இருக்கும் நேரத்தில் தொடக் கூடாது. இந்த ஒன்றைக் கவனித்தாலே பின்னேரத் தலையிடி குறைந்தது என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள்.

நடை, வெயில், தண்ணீர்

ஓடத் தயாரான உடம்பை ஓட விடுவதுதான் நியாயம். பெரியவர்களுக்குக் கிழமைக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். கிழமைக்கு ஐந்து நாள், அரை மணி வேக நடை என்று வைத்துக்கொள்ளலாம். நடந்துகொண்டே கதைக்க முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான வேகம்.

டவுனில் இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல பாதை எங்கே கிடைக்கும்? டச் பே கடற்கரையில் தொடங்கி, கோட்டை வாசலால் நுழைந்து, மரத்தடியில் நிற்கும் மான்களைக் கடந்து கோணேசர் கோயில் வரை ஏறலாம். ஏற்றம் இருப்பதால் இதயத்துக்கும் வேலை கிடைக்கும். வெயில் ஏறும் முன் போய் வருவது நல்லது. உப்புவெளிப் பக்கம் இருப்பவர்கள் கடற்கரை ஈர மணலில் நடக்கலாம். தம்பலகாமத்தில் வயல் வரம்பு இருக்கிறது.

கடலைப் பற்றி ஒரு விஷயம். கடற்கரையில் போய் இருந்தால் மனம் ஆறும் என்று எல்லாருக்கும் சொல்லிவிட முடியாது. 2004 டிசம்பர் 26 சுனாமி எங்கள் கரையில் எத்தனை வீடுகளைக் கொண்டு போனது! அலைச் சத்தமே நெஞ்சை இறுக்கும் ஆட்கள் இன்றும் எங்களோடு இருக்கிறார்கள். போர்க்காலத்தில் வாழ்ந்தவர்களில் சிலருக்கு ஹெலி சத்தமும் திருவிழா வெடியும் அப்படித்தான். அவர்களை "வா, கடற்கரைக்குப் போவம், சரியாகிடும்" என்று இழுக்காதீர்கள். நடக்க வேறு தெரு இருக்கிறது.

அப்புறம் வெயில். மே மாதம் தொடங்கி கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும் நாட்களில் எங்கள் ஊரில் இரவும் சுடுகிறது. தண்ணீர் குறைந்தாலே தலையிடியும் எரிச்சலும் வரும். அதை மன அழுத்தம் என்று நினைத்துக் கவலைப்படுகிறவர்கள் உண்டு. எரிந்து விழத் தோன்றும்போது முதலில் ஒரு கோப்பை தண்ணீர் குடித்து முகத்தைக் கழுவுங்கள். மழைக் காலத்தில் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கு ஒரு தரம் போய் வரலாம். ஏழு கிணறுகள், ஒவ்வொன்றிலும் சூடு கொஞ்சம் வித்தியாசம். வாளியால் அள்ளித் தோளில் ஊற்றும்போது இறுகிய கழுத்து இளகும். வீட்டில் சுடுதண்ணீர் வைத்துக் குளித்தாலும் பலன் அதுதான், பஸ் காசும் மிச்சம்.

இரண்டாம் படி: கொப்பி

உடம்பு கொஞ்சம் அடங்கிய பிறகு வாருங்கள் பிரச்சினைக்கு. இந்தப் படியைத்தான் நான் அதிகம் நம்புகிறேன்.

தலைக்குள் இருக்கும் யோசனைக்கு எண்ணிக்கை இல்லை. ஏழு விஷயம் எழுபதாகத் தெரியும். கொப்பியில் இறக்கினால் ஏழு வரி. பிள்ளையின் பழைய அப்பியாசக் கொப்பியில் மிஞ்சிய தாள் போதும். நேரம் முக்கியம்: பின்னேரம் ஐந்தரை, ஆறு மணி போல, ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், 20 நிமிடம். படுக்கையில் வேண்டவே வேண்டாம். 1980களில் தோமஸ் போர்கோவெக் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவரோடு வேலை செய்தவர்களும், கவலைப்படுவதற்கென்றே தினமும் அரை மணி நேரத்தை ஒதுக்கச் சொல்லிப் பார்த்தார்கள். மற்ற நேரத்தில் கவலை வந்தால் "அந்த நேரத்துக்கு" என்று தள்ளி வைக்க வேண்டும். அப்படிச் செய்தவர்களுக்கு நாள் முழுக்க இருந்த கவலை குறைந்தது. வராதே என்றால் கேட்காத யோசனை, பிறகு வா என்றால் ஓரளவு கேட்கிறது.

ஒரு பக்கத்தை எழுதியே காட்டுகிறேன். நிலாவெளிப் பக்கம் ஓட்டோ ஓட்டும் ஒருவரின் வீடு என்று வைத்துக்கொள்வோம். மாதம் நவம்பர். வாடைக் காற்றும் மழையும் தொடங்கிவிட்டன. வெள்ளைக்காரர் வரத்து நின்றுவிட்டது. அந்த வீட்டுப் பெண் எழுதுகிறார்:

20ஆம் திகதி லீசிங்.
குசினிப் பக்கம் கூரை ஒழுகுது.
அம்மாவின் குளிசை முடியப் போகுது, கிளினிக் துண்டைக் காணேல்ல.
மூத்தவளுக்குக் கணக்கில புள்ளி குறைவு.
தம்பி கட்டாரில இருந்து கதைச்சு ரெண்டு கிழமை.
மச்சாளின்ட வீட்டுக் கல்யாணத்துக்கு என்ன குடுக்கிறது.
அடுத்த வருஷம் எப்படிப் போகுமோ.

இப்போது ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஓர் அடையாளம். இந்தக் கிழமை என் கையால் ஏதாவது செய்ய முடியுமானால் "செய்". பிறகு பார்க்கலாமென்றால் ஒரு திகதி. என் கையில் இல்லையென்றால் "விடு". குளிசை "செய்": நாளைக்குக் காலையில் அலுமாரியில் துண்டைத் தேடுவது, இல்லாவிட்டால் கிளினிக்கில் போய் விசாரிப்பது. கூரை "செய்": பக்கத்து வீட்டு அண்ணனிடம் தறப்பாள் கேட்பது. புள்ளிக்கு ஒரு திகதி: தவணை விடுமுறையில் ஆசிரியரைப் பார்ப்பது. தம்பிக்கு ஒரு செய்தி போட்டுவிட்டு "விடு". கல்யாணத்துக்குத் திகதி. அடுத்த வருஷம் "விடு".

மிஞ்சுவது லீசிங். பெரிய பிரச்சினையை ஒரே வரியாக வைத்திருந்தால் அது அசையாது, உடைக்க வேண்டும். எவ்வளவு குறைகிறது என்று எழுதுங்கள். திகதிக்கு முன்னரே கிளைக்குப் போங்கள். கட்டத் தவறிய பிறகு போவதைவிட முன்னால் போவதில் உங்கள் பேச்சுக்கு மதிப்புக் கூட. இந்த மாதம் இவ்வளவு கட்ட முடியும், மிச்சத்தை எப்படி மாற்றித் தருவீர்கள் என்று கேளுங்கள். கதைத்த அலுவலரின் பெயரையும் திகதியையும் குறித்துக்கொள்ளுங்கள். கோரிக்கையைக் கடிதமாகக் கொடுத்து ஒரு பிரதியில் கையெழுத்து வாங்குங்கள். தவணையை நீட்டினால் மொத்த வட்டி எவ்வளவு கூடும் என்பதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். நியாயமாக நடத்தவில்லை என்றால் மத்திய வங்கியில் நிதி வாடிக்கையாளரின் முறைப்பாடுகளைக் கேட்பதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. ஒரு கடனை அடைக்க, கிழமைக்குக் கிழமை கட்டும் இன்னொரு கடனை எடுப்பதை மட்டும் செய்யாதீர்கள். பல பெண்களின் நித்திரையைத் தின்றது அந்த இரண்டாவது கடன்தான்.

"விடு" என்று எழுதியது உடனே மனதை விட்டுப் போகாது. போக வேண்டுமென்றும் இல்லை. நடுச்சாமத்தில் அது வந்தால் "கொப்பியில் இருக்கு, ஆறு மணிக்குப் பாப்பம்" என்று உங்களுக்கே சொல்லிக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் பலமுறை சொல்ல வேண்டி வரும்.

மூன்றாம் படி: ஒரு ஆள்

ஒரே ஒருவர் போதும். அவர் கெட்டிக்காரராக இருக்கத் தேவையில்லை. கேட்டதை வெளியில் கொண்டு போகாதவராக இருக்க வேண்டும். எங்கள் ஊர் சின்ன ஊர், இதில் கவனம் வேண்டும்.

என்ன தேவை என்பதைச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். கிண்ணியாவில் ஒரு தங்கை தன் ராத்தாவிடம் இப்படிக் கேட்கலாம்: "ராத்தா, பத்து நிமிஷம் இருக்கா? எனக்கு ஒண்டும் சொல்ல வேணாம், நான் சொல்றதைக் கேட்டாப் போதும்." இது சொல்லப்படாவிட்டால் ராத்தா உடனே புத்தி சொல்லத் தொடங்குவார், தங்கை பாதியில் நிறுத்திவிடுவார். கணவன் மனைவிக்கு இடையில் நேரமும் முக்கியம். வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்ற முன்னர் வேண்டாம். சாப்பிட்டு முடியட்டும்.

கேட்பவருக்கும் சில வார்த்தை. "இதுக்கெல்லாமா அழுறது", "மற்றவங்களைப் பார், எவ்வளவு கஷ்டப்படுறாங்க" என்ற இரண்டையும் மறந்துவிடுங்கள். "பிறகு என்ன நடந்தது?" என்று கேளுங்கள். முடிவில் "நான் ஏதும் செய்யோணுமா, இல்லாட்டி சும்மா இருக்கட்டா?" என்று கேட்டால் அதைவிடப் பெரிய உதவி இல்லை.

முடியாது என்று சொல்வதும் இந்தப் படியில்தான் வருகிறது. கோயில் வேலை, உறவுக்காரரின் வீட்டு வேலை, சீட்டுப் பிடிப்பது என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டுபவர்கள்தான் முதலில் களைத்துப் போகிறார்கள். "இந்தக் கிழமை எனக்கு ஏலாது அக்கா, அடுத்த கிழமை எண்டா வாறன்" என்று சொன்னால் யாரும் பகையாளியாகிவிடுவதில்லை. காரணம் நீளமாகச் சொல்ல வேண்டாம். நீளமான காரணத்துக்கு நீளமான பதில் வரும்.

நித்திரை, தேத்தண்ணி, போன்

பெரியவர்களுக்கு இரவில் 7 மணி நேரமாவது நித்திரை வேண்டும். எத்தனை மணிக்குப் படுப்பது என்பதைவிட, எத்தனை மணிக்கு எழும்புவது என்பதைத் தினமும் ஒரே நேரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். மத்தியான நித்திரை 20 நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம்.

தேத்தண்ணியை விடச் சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை, நானும் சொல்லமாட்டேன். ஆனால் கணக்கைப் பாருங்கள். குடித்த கஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போக ஏறக்குறைய 5 மணி நேரம் எடுக்கும். இரவு ஏழு மணிக்குச் சாயம் கூடிய தேத்தண்ணி குடித்தால் பன்னிரண்டு மணிக்கும் அதில் பாதி உள்ளே இருக்கிறது. பின்னேரத் தேத்தண்ணியை நாலு மணியோடு நிறுத்தி, பிறகு கொத்தமல்லித் தண்ணீரோ இஞ்சித் தண்ணீரோ குடியுங்கள்.

யோசனை கூடினால் வெற்றிலை போடுபவர்கள் இருக்கிறார்கள். பாக்கு மூளையைத் தூண்டும் பொருள், அமைதிப்படுத்தும் பொருள் இல்லை. வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் என்பதும் உறுதியான விஷயம். சாராயம் நித்திரையைக் கொண்டு வருவது போலத் தெரியும். ஆனால் இரவின் பின்பாதியில் அதுவே எழுப்பிவிடும், மறுநாள் பதற்றம் இன்னும் கூடும். வீட்டில் ஏற்படும் பாதிப்பைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

போனைப் படுக்கும் அறையில் வைக்காதீர்கள். எழும்புவதற்கு அலாரம் வேண்டுமென்றால் ஒரு சின்ன மணிக்கூடு வாங்கலாம். வெளிநாட்டில் சொந்தக்காரர் இருக்கும் வீடுகளில் வேறொரு சிக்கல் உண்டு. எங்களுக்கு இரவு பத்து மணி என்றால் கனடாவில் பகல். அவர்கள் ஓய்வாக இருக்கும் நேரம் பார்த்து எடுப்பார்கள். அன்பாகச் சொல்லிவிடுங்கள், காலையில் எடுக்கச் சொல்லி. அவர்களுக்கு அது இரவு, கதைக்க நல்ல நேரம்தான்.

எங்கே தொடங்குவது

எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்கினால் அதுவே இன்னொரு பாரம். முதல் கிழமை மூச்சு மட்டும், காலையும் பின்னேரமும். இரண்டாம் கிழமை அதோடு நடை. கொப்பியை மூன்றாம் கிழமை சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த மாதமே தலைக்கு மேல் கடன் நிற்கிறது என்றால் காத்திருக்க வேண்டாம், ஐந்து நிமிடம் மூச்சு செய்துவிட்டு அன்றே எழுதுங்கள். பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு மூச்சும் நித்திரையும் மட்டும் சொல்லிக் கொடுத்தால் போதும். பெற்றோர் அவர்கள் முன்னால் மற்றப் பிள்ளைகளின் புள்ளியைப் பற்றிக் கதைக்காமல் இருந்தால் பாதி அழுத்தம் அங்கேயே குறையும்.

எப்போது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்

நெஞ்சு நோ கை, தாடை, முதுகுப் பக்கம் பரவினால், கூடவே வியர்த்து மூச்சு முட்டினால் "யோசனையால வந்தது" என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள். 1990க்கு எடுத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

மனம் சோர்ந்து எதிலும் விருப்பமில்லாமல் இரண்டு கிழமைக்கு மேல் போனால், சாப்பாடும் நித்திரையும் கெட்டு வேலைக்கோ சமையலுக்கோ எழும்ப முடியாமல் இருந்தால், பழைய சம்பவங்கள் இரவில் திரும்பத் திரும்ப வந்து உலுப்பினால், இந்த வழிகாட்டி போதாது. அது அன்றாட அழுத்தத்தைத் தாண்டிய நிலை, அதற்கு வைத்தியம் இருக்கிறது. திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையில் மனநலச் சேவை உண்டு. கிண்ணியா, மூதூர், கந்தளாய் ஆதார வைத்தியசாலைகளிலும் விசாரிக்கலாம். அரசாங்க ஆஸ்பத்திரி என்பதால் காசு இல்லை. அங்கே போனால் விசர் என்று சொல்வார்களோ என்ற பயம் எங்கள் ஆட்களுக்கு அதிகம். பிரஷர் கிளினிக் வரிசையில் நிற்கும்போது யாரும் வெட்கப்படுவதில்லையே.

வாழ வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாளும் தனியாக இருக்காதீர்கள். 1926க்கு எடுங்கள்; தேசிய மனநல நிறுவகத்தின் இலவச இலக்கம், 24 மணி நேரமும் இயங்கும். வீட்டில் யாராவது அப்படிச் சொன்னால் நேராகவே கேளுங்கள்: "சாகோணும் எண்டு நினைக்கிறியா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. வயலுக்கு அடிக்கும் கிருமிநாசினிப் போத்தல்களையும் மிஞ்சிய குளிசைகளையும் அப்புறப்படுத்திவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போகும் வரை கூடவே இருங்கள்.

கிளினிக்குப் போகும் நாளில் அடையாள அட்டை, ஏற்கனவே பாவிக்கும் குளிசைகள், பழைய கிளினிக் கொப்பி, எழுதி வைத்த பக்கம் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். நித்திரை எப்படி, சாப்பாடு எப்படி, இது எப்போது தொடங்கியது என்று மூன்றையும் முதலில் சொல்லுங்கள். வைத்தியருக்கு நேரம் குறைவு. மருந்து தந்தால் எத்தனை நாளில் பலன் தெரியும் என்று கேளுங்கள். சில மருந்துகளுக்குப் பல கிழமைகள் எடுக்கும். சுகம் வந்தது போலத் தெரிந்தாலும் அவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம். வெளியே வர முன் அடுத்த கிளினிக் திகதியைத் துண்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.